ஹார்ட்டிங் எறிந்த காலத்து பேர்லின்

ஜேர்மன் மொழியில் நான் தயங்காமல் பேசிய முதல் விடயம் பரிதிவட்டம் எறிதல். யாழ்ப்பாணத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நான் எறிந்தது அதைத்தான். 2009இல் கல்யாணமாகி பேர்லின் வந்தபோது, ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் இழப்புகளைத்தான் சொல்லின. கணவருக்கு இரவு வேலை. பகலில் அவர் தூங்க, மேல்மாடியில் தனியாக இருந்த வயதான அம்மா என்னைக் கூப்பிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார வைப்பார்.

அந்த ஓகஸ்ட்டில் உலகத் தடகளப் போட்டி இதே நகரத்து ஒலிம்பிக் மைதானத்தில் நடந்தது. ஊரெல்லாம் உசைன் போல்ட் பேச்சு. நாங்கள் இருவரும் பரிதிவட்டம் எறியும் ரொபர்ட் ஹார்ட்டிங்கைப் பார்த்தோம். கொட்புஸில் பிறந்தவர், 2 மீற்றர் உயரம், பேர்லின் கழகத்து வீரர். போலந்தின் மலகோவ்ஸ்கி 69.15 மீற்றர் எறிந்து முன்னால் நிற்க, ஹார்ட்டிங் தன் கடைசி எறிதலில் 69.43 எறிந்தார். சட்டையைக் கிழித்தார், போட்டியின் சின்னமான கரடிப் பொம்மையைத் தோளில் தூக்கினார். நான் கத்தினேன். அந்த அம்மா கைதட்டவில்லை.

காரணம் அப்புறம்தான் விளங்கியது. கிழக்கு ஜேர்மனியில் அரசே ஊக்கமருந்து கொடுத்த காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள், அந்தப் போட்டியின்போது அட்டையால் செய்த மூக்குக்கண்ணாடிகளை விநியோகித்துத் தங்களுக்கு நேர்ந்ததை நினைவூட்டினார்கள். பரிதிவட்டம் துள்ளிப் போய் அந்தக் கண்ணாடிகளில் படட்டும் என்ற மாதிரி ஹார்ட்டிங் பேசிவிட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார். மேல்மாடி அம்மாவோ கிழக்கில் வளர்ந்தவர். அவருடைய தங்கை மகள் சிறுமியாக நீச்சல் பழகியபோது, விற்றமின் என்று சொல்லி நீல மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்குள்ளும் ஆறாத காயங்கள் உண்டு என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர். ஹார்ட்டிங் சொன்னது கொடுமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அவர் எறிவதைப் பார்ப்பதை நாங்கள் இருவருமே விடவில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஈரானின் ஹதாதியை வெறும் 9 சென்ரிமீற்றரால் வென்றார்: 68.27க்கு 68.18. அன்று பெண்கள் ஓட்டத்துக்கு வைத்திருந்த தடைகளைக் கொடியோடு தாண்டி ஓடினார். மேல்மாடி அம்மா அன்று கைதட்டினார்.

எனக்கு ஹார்ட்டிங்கிடம் மிகவும் பிடித்தது வேறு. மூன்று முறை உலக வெற்றியாளர், ஒலிம்பிக் தங்கம், ஆனாலும் பேர்லின் கலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். விளையாட்டை மட்டும் நம்பி வாழ முடியாத வீரர்களுக்காக ஒரு விளையாட்டு லொத்தர் தொடங்க முன்னின்றார். அப்போதைய சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் தோமஸ் பாக்கையே பெயர் சொல்லி விமர்சித்தார். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த எனக்கு, மொழி வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவு அவரைக் கேட்டுக் கேட்டு வந்தது. அது எனக்குப் பெரிய விடயம்.

2014 செப்ரெம்பரில் ஹார்ட்டிங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2016இல் ரியோவில், படுக்கையில் இருந்தபடியே காலால் விளக்கை அணைக்கப் போய் முதுகு பிடித்துக்கொள்ள, தகுதிச் சுற்றோடு வெளியேறினார். மறுநாள் தம்பி கிறிஸ்ரோப் கடைசி எறிதலில் 68.37 எறிந்து தங்கம் எடுத்தார். அண்ணன் அந்த இரவை எப்படிக் கழித்தாரோ என்று நாங்கள் நெடுநேரம் பேசினோம். அதற்குள் என் ஜேர்மன் மொழிக்கு அந்த அளவுக்கு வலு வந்திருந்தது.

2018 ஓகஸ்ட்டில் ஐரோப்பியப் போட்டி அதே ஒலிம்பிக் மைதானத்துக்கு வந்தது. நுழைவுச்சீட்டு வாங்கி, மகளையும் மேல்மாடி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹார்ட்டிங் ஆறாவதாகத்தான் வந்தார். சில வாரங்களில் அங்கேயே நடந்த இஸ்டாஃப் என்ற தடகளப் போட்டியோடு ஓய்வு பெற்றார். இங்கே விளையாட்டு பள்ளிக்கூடத்தை விடக் கழகங்களில்தான் வளர்கிறது. அந்த இலையுதிர்காலத்தில் மகளை எங்கள் பகுதிக் கழகத்தில் சேர்த்தோம். அவள் உயரம் பாய்தலைத் தேர்ந்தெடுத்தாள்.