தம்பியின் கலியாணத்துக்கு வாங்கிய சாறி

ஜூலை 2, 2025, புதன்

பார்சல் வந்துவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்தபடியால் அம்மாதான் கையெழுத்து வைத்து வாங்கியிருக்கிறார், ஆனால் பிரிக்கவில்லை. "உன்ர காசு, நீயே பிரி" என்றார். தம்பிக்கு ஆவணியில் கலியாணம். அதற்கு அம்மாவுக்கு ஒரு நல்ல காஞ்சிபுரம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ நாளாக ஆசை, வெள்ளவத்தைக் கடைகளில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த இரவில்தான் ஒன்லைன் சந்தைத் தளமொன்றில் இது கண்ணில் பட்டது. கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. "100% சுத்தப் பட்டு, வெள்ளிச் சரிகை, கைத்தறி" என்று எழுதியிருந்தார்கள். நான் கொடுத்தது 42,500 ரூபா.

பொலித்தீனைக் கிழித்தேன். நிறம் படத்தில் இருந்த அதே நிறம், எனக்குச் சரியான சந்தோஷம். அம்மா அதை வாங்கி நிறை பார்ப்பதுபோல் ஒருதரம் தூக்கினார், பிறகு ஜன்னலடிக்குக் கொண்டுபோய்க் கரையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அரக்குக்குள் பச்சை இழை ஓடிக்கொண்டிருந்தது. "கரைக்குத் தனிக் குறுக்கு நூல் விட்டுக் கோர்த்து நெய்திருந்தா இந்தப் பச்சை இங்க வராது" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு வரை சாறியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அம்மா வாயைத் திறக்காவிட்டால் விஷயம் சரியில்லை.

ஜூலை 3, வியாழன்

விற்றவருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே போட வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் போடுகிறேன்: "அக்கா, சாறி கொஞ்சம் மெல்லிசா இருக்கிற மாதிரி இருக்கு, அம்மாவுக்கு அவ்வளவு திருப்தியில்லை."

வந்த பதில்: "சிஸ், இது சொஃப்ட் சில்க் ஃபினிஷ், எல்லாக் கஸ்டமரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்றவை. வித்தது திருப்பி எடுக்கிறதில்லை." கடைசியில் இரண்டு பூ, ஒரு கும்பிடு.

சரிதான். அம்மாவின் திருப்தி அவர் எழுதிய விளம்பரத்தில் எங்கே இருந்தது? நானே வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

இன்று குசினியில் ஆராய்ச்சி. தலைப்பு நுனிக் குஞ்சத்தில் ஒரு இழையைப் பிய்த்து, இடுக்கியால் பிடித்து, காஸ் அடுப்பு நெருப்பில் காட்டினேன். தலைமயிர் கருகும் அந்த மணம் உடனே வந்தது, நெருப்பை எடுத்ததும் அணைந்தது, நுனியில் நின்ற கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் தூளாகிப் போனது. பட்டுத்தான்! அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், கொஞ்சம் வெற்றியோடுதான் பார்த்தேன்.

"நீ எடுத்தது பாவு. ஊடையை எடு" என்றார்.

குஞ்சத்தில் தொங்குவதெல்லாம் சாறியின் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல், குறுக்கே போகிற ஊடை அதில் இல்லவே இல்லை. இது எனக்கு இத்தனை வயதுக்குத் தெரியாது. சட்டைத் துணி இருக்கிற மற்ற முனையின் விளிம்பில் ஊசியால் நெம்பி, குறுக்கு நூல் ஒன்றை அம்மா உருவித் தந்தார். அது நெருப்பைக் கண்டதும் பின்னுக்குச் சுருண்டது, உருகியது, கரும்புகை விட்டது, மயிர் மணம் துளியும் இல்லை. ஆறிய பிறகு நுனியில் குண்டூசித் தலையளவு ஒரு மணி. நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், பல்லாலும் கடித்துப் பார்த்தேன், உடையவில்லை. பொலியெஸ்டர்.

ஆக, நீளத்துக்குப் பட்டு, குறுக்குக்குப் பிளாஸ்டிக். பாதிப் பொய் என்று சொல்வார்களே, இதைவிடச் சரியாக அதை நெய்ய முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு இழையும் எரிகிற வீடியோவை அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் அவரும் ஒரு வீடியோ அனுப்பினார், அவரிடமிருந்த இன்னொரு சாறியில் இழை எடுத்து எரிக்கிறார், மயிர் மணமாம், தூளாகிறதாம், "பாருங்கோ சிஸ்" என்று குரல் வேறு. எங்கேயிருந்து இழை எடுத்தார்? குஞ்சத்திலிருந்து. நான் நேற்று விட்ட அதே பிழை. அவர் வேண்டுமென்று செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் விளம்பரத்தைத் திரும்பப் பார்த்தால் "100% சுத்தப் பட்டு" என்ற இடத்தில் "செமி சில்க்" என்று இருக்கிறது. படம் அதே, விலை அதே. பஸ்ஸுக்குள் நின்றபடி பார்த்தேன், 101இல், பம்பலப்பிட்டி நெருக்கடியில், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்து இருக்க இடம் தந்தார்.

நல்ல காலத்துக்கு, வாங்குவதற்கு முதல் நிறம் எது நல்லது என்று கேட்டு அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். ஜூன் 28, இரவு 9.42. சின்ன மாமி "பச்சை வேண்டாம், மாம்பழ மஞ்சள் எடு" என்று அதற்குக் கீழே ஒரு பெரிய சண்டையே நடத்தியிருக்கிறார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு மாமிக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

பிறகு அந்தத் தளத்துக்கு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது: நீங்கள் எங்கள் தளத்துக்கு ஊடாகப் பணம் செலுத்தவில்லை, ஆகவே திருப்பித் தரும் ஏற்பாட்டுக்குள் இது வராது. உண்மைதான். "நேரடியா பேங்குக்குப் போட்டால் 2,000 குறைக்கிறேன் சிஸ்" என்றார் விற்றவர், நானும் அந்தக் குறைத்த 42,500ஐ அவருடைய சொந்தக் கணக்குக்குப் போட்டேன். கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள் நான். வேறென்ன சொல்ல.

ஜூலை 10, வியாழன், போயா

பௌர்ணமி லீவு நாள். காலை முழுக்கச் சட்டம் படித்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், அதில் 31ஆம் பிரிவு: ஒரு பொருளின் தரம், சேர்மானம் பற்றி வியாபாரி பொய்யாகக் காட்டக்கூடாது. சேர்மானம்! என் சாறிக்கென்றே எழுதிய சொல் மாதிரி. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதற்கும் பழையது 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரணத்தைச் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கொழும்பில் குதிரை வண்டி ஓடிய காலத்துச் சங்கதி.

இதைப் படித்த பிறகுதான் ஒன்று விளங்கியது. இத்தனை நாளும் நான் சாறி நல்லதா கூடாததா என்று அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சண்டையில் நான் வெல்லவே முடியாது, 'எனக்கு நல்லாத்தான் இருக்கு' என்று அவர் சொன்னால் முடிந்தது. கேட்க வேண்டியது வேறு: நீங்கள் எழுதியது இது, வந்தது அது. இதற்குப் பூவும் கும்பிடும் பதிலாகாது.

ஜூலை 11, வெள்ளி

மதிய இடைவேளையில் அந்த அதிகாரசபையின் தொலைபேசி இலக்கமான 1977க்கு எடுத்துக் கேட்டேன். விளம்பரத்தின் பிரதி, காசு போட்ட சீட்டு, விற்றவரின் பெயர் விலாசம், எல்லாவற்றோடும் எழுதித் தரலாம் என்றார்கள். விலாசத்துக்கு எங்கே போவது என்று யோசித்தேன், பிறகு குப்பைக்குப் போகவிருந்த பார்சல் உறையில் கூரியர் ஒட்டின துண்டு ஞாபகம் வந்தது. வத்தளை. அம்மா அந்த உறையை மடித்து அரிசி வாளிக்குக் கீழே வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எதுவும் எறியப்படுவதில்லை என்று இனிமேல் குறை சொல்ல மாட்டேன்.

ஜூலை 12, சனி

செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிற மாமா ஒருவர் இருக்கிறார், அப்பாவின் பழைய சிநேகிதர். சரிகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சாண் இழையை எடுத்து, நூலை எரித்துவிட்டு, மிஞ்சிய உலோகத்தை உருட்டி உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். செம்மஞ்சள் கோடு. அதன்மேல் ஒரு துளி அமிலம், கோடு பச்சையாகக் கரைந்து காணாமல் போனது. "செம்பு பிள்ளை. மேல தங்கக் கலர் பூசியிருக்கு. வெள்ளியெண்டா கரைஞ்ச இடத்தில உப்புத் தண்ணி விட பால் மாதிரி வெள்ளையா திரையும்" என்றார், உப்புத் தண்ணீரும் விட்டுக் காட்டினார். திரையவில்லை. காசு வாங்கவில்லை, பிளேன்ரீ வாங்கித் தந்து அனுப்பினார்.

இரவு எழுதி அனுப்பியது, இம்முறை அக்காவும் இல்லை, மன்னிப்பும் இல்லை:

"ஜூன் 28 அன்று உங்கள் விளம்பரத்தில் 100% சுத்தப் பட்டு, வெள்ளிச் சரிகை என்று இருந்தது, பிரதி இணைத்துள்ளேன். வந்த சாறியின் ஊடை பொலியெஸ்டர், சரிகை செம்பு. விளம்பரம் இப்போது மாற்றப்பட்டுள்ளது, அதன் பிரதியும் உள்ளது. சாறி உடுக்கப்படவில்லை, ஃபோல்ஸ் தைக்கப்படவில்லை. ஜூலை 19க்கு முன் 42,500 ரூபாவைத் திருப்பித் தந்து சாறியைப் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 21ஆம் திகதி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன்."

நாலு தரம் வாசித்து, "ஏமாற்று" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அம்மா எடுக்கச் சொன்னார். "அவ தெரிஞ்சுதான் செய்தவ எண்டு உனக்குத் தெரியுமே?"

ஜூலை 14, திங்கள்

விற்றவர் முதல் தடவையாகத் தொலைபேசியில் கதைத்தார். முதலில் கோபம், என்னைப் பொலிஸில் சொல்லுவேன் என்றார், எதற்கென்று கேட்டேன், பேச்சு நின்றது. பிறகு குரல் இறங்கியது. இந்தியாவிலிருந்து ஒருவர் மொத்தமாகக் கொண்டுவந்து தருகிறாராம், இந்தச் சாறிக்கே 31,000 கொடுத்தாராம், சுத்தப் பட்டு என்று சொல்லித்தான் தந்தாராம், குஞ்சத்தை எரித்துக் காட்டித்தான் தந்தாராம்.

குஞ்சத்தை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அப்படியானால் ஏன் விளம்பரத்தை மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "பயத்தில செய்திட்டன்" என்றார். பாதிக் காசு தருகிறேன், சாறியையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 21,250க்கு அது மோசமான பேரம் இல்லை, உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் அம்மா அதை உடுக்கப்போவதில்லை. முழுக்காசும், சாறி உங்களுக்கு, கூரியர்க் காசு என் கணக்கில் என்றேன். ஒரேயடியாகத் தர இயலாது, இரண்டு தரமாகத் தருகிறேன் என்றார். சரி என்றேன், ஆனால் அதை எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்.

ஜூலை 19, சனி

நேரே கொண்டுபோய்க் கொடுத்தோம், அம்மாவும் வந்தார். புறக்கோட்டைக்குப் போய் அங்கிருந்து 240 பஸ் எடுத்து வத்தளை. நான் ஒரு கடையை எதிர்பார்த்துப் போனேன், அது ஒரு வீட்டின் முன் அறை, சாறிகள் இரும்பு றாக்கையில், பக்கத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

சாறியை விரித்து, பிழை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். 25,000 ரூபாவை என் முன்னாலேயே கணக்குக்குப் போட்டார். மிச்சம் 17,500 வெள்ளிக்கிழமை. அம்மா எழும்பவில்லை. "ஒரு ஊசி இருந்தா தாங்கோ பிள்ளை" என்றார். அந்தப் பச்சைச் சாறியிலேயே ஊடை எப்படி உருவுவது என்று காட்டினார், அவர் மெழுகுதிரி கொளுத்தினார், இழை சுருண்டு மணியானது. அவர் அந்த மணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே றாக்கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இருபது, இருபத்தைந்து சாறி இருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் முன்னால் வைக்கத் தொடங்கினார்.

நாங்கள் அங்கிருந்து வெளிக்கிட மத்தியானம் ஒன்றரை. ஏழு தேறியது.

ஜூலை 25, வெள்ளி

காலை 8.10க்கு எஸ்எம்எஸ். 17,500 வந்துவிட்டது. விளம்பரத்தையும் பார்த்தேன், அதே பச்சைச் சாறி, "பட்டுப் பாவு, பொலியெஸ்டர் ஊடை, செம்புச் சரிகை" என்று போட்டு 29,000. கையைக் கடிக்கிற விலைதான். விற்கும் என்று நினைக்கிறேன், நல்ல நிறம்.

ஜூலை 27, ஞாயிறு

அம்மாவோடு காலி வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஆடியிலா வாங்குவது என்று முனகிக்கொண்டு வந்தவர், தள்ளுபடிப் பலகையைக் கண்டதும் பேசாமல் உள்ளே போனார். மூன்றாவது கடையில் ஒன்று பிடித்தது, மாம்பழ மஞ்சள், மாமி கேட்டால் என்ன சொல்வாரோ. கடைத் தம்பி "சுத்தப் பட்டு அம்மா, நம்பி எடுங்கோ" என்று குஞ்சத்தை எடுத்து நீட்டினான்.

அம்மா கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.