இனிட் கோப்பைப் பிரித்த வாரம்

மார்ச் 3, 2024, ஞாயிறு

மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலை. நான் எழுதப் பயன்படுத்தும் உரைத்திருத்தி ஈமேக்ஸ். அது தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான இனிட் கோப்பைத் திறந்தேன்: 640 வரிகள். எழுத்துரு ஒரு மூலையில், வண்ணத் தொகுப்பு இன்னொரு மூலையில். கருவிப்பட்டையை மறைக்கும் வரி மட்டும் மூன்று இடங்களில் இருக்கிறது. மூன்றையும் எழுதியவன் நான்தான், வெவ்வேறு வருடங்களில்.

நடுவில் ஈமேக்ஸ் தானாக எழுதிவைத்த பத்தி ஒன்று. மெனு வழியாக எதையாவது மாற்றிச் சேமித்தால் அதை இங்கேதான் கொண்டுவந்து கொட்டும். இப்படி ஒரு பத்திக்கு மேல் இருந்தால் சரியாக வேலை செய்யாது என்று தலையில் எச்சரிக்கை வேறு. கஸ்டம்-ஃபைல் என்ற மாறிக்கு வேறொரு கோப்பைக் காட்டிவிட்டு, அதை ஏற்றச் சொல்லி ஒரு வரியும் சேர்த்தேன். இனி அதன் குப்பை அதன் வீட்டில்.

தோற்றம் சார்ந்ததையெல்லாம் வெட்டித் தனிக் கோப்பில் ஒட்டினேன். எழுபது வரிகூடத் தேறவில்லை. இதற்குத்தானா இத்தனை நாள் பயந்தேன்!

மார்ச் 4, திங்கள்

பயந்தது சரிதான். ஈமேக்ஸ் திறக்கும்போது கருவிப்பட்டை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளிகிறது. இனிட் கோப்பைப் படிக்கும் நேரத்தில் சாளரம் ஏற்கெனவே திரைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பட்டை பிடுங்கப்படுகிறது. 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே எர்லி-இனிட் என்ற கோப்பு இருக்கிறது. சாளரம் உருவாகும் முன்பே அது படிக்கப்படும். மெனுவுக்கு 0 வரி, கருவிப்பட்டைக்கு 0 வரி, பின்னணிக்குக் கருநிறம் என்று எழுதினேன். எட்டிப் பார்ப்பது நின்றது.

ருசி கண்டு வண்ணத் தொகுப்பையும் அங்கேயே தள்ளினேன். அப்படி ஒரு கோப்பே கிடைக்கவில்லை என்று பிழை. பின்னால் நிறுவிய பொதிகள் (கூடுதல் நிரல்கள்) அந்த நேரத்தில் இன்னும் கண் விழிப்பதில்லை. திரும்ப எடுத்து வந்தேன்.

மார்ச் 6, புதன்

காலையில் கணினியை மறுபடி தொடக்கியதும் எழுத்தெல்லாம் எறும்பளவு. ஈமேக்ஸைப் பின்னணியில் டீமனாக, அதாவது சாளரமே இல்லாமல், ஓடவிட்டு, தேவைப்படும்போது சாளரம் திறப்பது என் வழக்கம். தோற்றக் கோப்பின் முதல் வரியில், ‘இது வரைகலைத் திரையா?’ என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் எழுத்துருவை வைக்கச் சொல்லியிருந்தேன். டீமன் எழும்போது திரையே கிடையாது. இல்லை என்று பதில் சொல்லிவிட்டது. பொய்யில்லையே! அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

எழுத்துரு வரிகளை, வேண்டும்போது அழைத்து இயக்கக்கூடிய ஒரு செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) அடைத்தேன். டீமனாக ஓடினால், சாளரம் புதிதாகத் திறக்கும்போதெல்லாம் இயங்கும் கொக்கியில் (ஹுக்) அதை மாட்டச் சொன்னேன். இல்லையென்றால் உடனே இயக்கச் சொன்னேன். கேள்வியும் செயற்கூறுக்குள்ளேயே போய்விட்டது. வரைகலை இல்லாத டெர்மினலில் முதலில் திறந்தாலும் பாதகமில்லை.

(நான் சாளரம் என்பதை ஈமேக்ஸ் ஃபிரேம் என்கிறது. ஃபிரேமுக்குள் இருக்கும் பிரிவுதான் அதற்கு விண்டோ. உதவிப் பக்கங்களைப் படிக்கும்போது இன்றும் தடுக்கி விழுகிறேன்.)

மார்ச் 9, சனி

இன்று முழுக்கத் தமிழ். தமிழ் எழுத்துகளுக்கு மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை வைத்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் மட்டும் உள்ள வரி குள்ளமாகவும், ஒரே ஒரு ‘கூ’ வந்த வரி நெட்டையாகவும் நிற்கிறது. தட்டச்சிடும்போது வரி எம்பிக் குதிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

குறிப்பிட்ட எழுத்துருவை மட்டும் சுருக்கிக்காட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. 0.9 என்று கொடுத்து, மூடித் திறந்தேன். இன்னும் எம்பியது. 0.8இல் எம்பவில்லை, ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. 0.85இல் நிறுத்தினேன். மொத்த அளவையும் 110இலிருந்து 120 ஆக்கினேன், அதாவது 12 புள்ளி. இங்கே புள்ளியைப் பத்தால் பெருக்கித்தான் எழுத வேண்டும்.

சோதித்துப் பார்க்க, கன்ட்ரோலுடன் எச் அழுத்தி, மறுபடி ஒரு எச். உலக மொழிகளின் வணக்கங்கள் வரிசையாக வரும். நம்முடைய ‘வணக்கம்’ மட்டமாக உட்கார்ந்திருந்தது. அதே பக்கத்தை டெர்மினலில் திறந்தால் புள்ளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அங்கே தமிழ் எழுதுவதில்லை என்று முடிவு செய்து அடுத்த வேலைக்குப் போனேன்.

மார்ச் 10, ஞாயிறு

எர்லி-இனிட் 9 வரி, தோற்றம் 58 வரி. கருவிப்பட்டையை மறைக்கும் அந்தப் பழைய மூன்றில் ஒன்று இன்னும் இனிட்டில் ஒளிந்திருந்தது. அழித்துவிட்டு மூடித் திறந்தேன். பட்டை வரவில்லை.