மூடிய பானட் திறந்திருந்த கதை

சிக்னலில் நின்றால் தானாக அணைந்துபோகும் பழக்கத்தை எங்கள் கார் விட்டுவிட்டது.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்து, கிளப்பியதும் நான் செய்கிற முதல் காரியம் வட்டத்துக்குள் ‘ஏ’ போட்ட அந்தப் பொத்தானை அமுக்கி, சிக்னலில் என்ஜினைத் தானாக அணைத்து, கிளட்சை அமுக்கினால் திரும்பக் கிளப்புகிற இந்த ஸ்டார்ட்-ஸ்டாப் சமாச்சாரத்தை வாயடைக்க வைப்பதுதான். போன மாதம் ஒருநாள் அமுக்க மறந்துவிட்டேன். அப்படியும் மூன்று சிக்னலில் என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நான் வேண்டாம் என்பது வேறு, அது வரமாட்டேன் என்பது வேறு. மானப் பிரச்சினை.

அது வராமல் இருக்க ஆயிரம் சாக்கு வைத்திருக்கிறது. என்ஜின் சூடாகியிருக்க வேண்டும், பேட்டரியில் தெம்பு இருக்க வேண்டும், ஏசி மும்முரமாக இருக்கக் கூடாது, பெல்ட் போட்டிருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்சிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும். இவ்வளவு நிபந்தனை போடுகிற ஆள் எங்கள் வீட்டில் இன்னொருவன் இருக்கிறான். பரீட்சை வந்தால் தெரியும்.

“பேட்டரிதான்” என்றார் இவர், சோபாவைவிட்டு எழாமலே. உலகத்தில் கார் தொடர்பான எந்தக் கேள்விக்கும் இவரிடம் அந்த ஒரு பதில்தான். ராத்திரி முழுக்க சும்மா நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட். பேட்டரி முழுத் தெம்போடு இருக்கிறது. காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மீட்டர் சரியா இருக்கா?” என்றார்.

அடுத்த சந்தேகம், கிளட்சில் கால் இருக்கிறதா இல்லையா என்று வண்டிக்குச் சொல்கிற கிளட்ச் சுவிட்ச். அது பெடலுக்கு மேலே, மனிதர்கள் எட்டக் கூடாது என்றே மாட்டிய இடத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிறு முழுக்க, தலை பெடலுக்கு அடியிலும் கால் சீட்டுக்கு மேலுமாகக் கிடந்தேன். பையன் டார்ச் பிடித்தான். சுவிட்சைத் தவிர என் முகம் உட்பட எல்லாவற்றுக்கும் வெளிச்சம் அடித்தான். கிளட்ச் சுவிட்சில் ஒரு குறையும் இல்லை.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அதற்கப்புறம்தான் செய்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகி, ஒவ்வொரு சுவிட்சும் வண்டியிடம் என்ன சொல்கிறது என்று போனில் பார்த்தேன். பிரேக் அமுக்கினால் அமுக்கினேன் என்றது. கதவு, பெல்ட், எல்லாம் யோக்கியம். பானட் மட்டும் திறந்திருக்கிறதாம்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது. அமுக்கிப் பார்த்தேன். திறந்திருக்கிறது என்றது. மேலே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும்.

அதன் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பானட்டைத் திறந்து யாரோ என்ஜின் பெல்ட் பக்கத்தில் கையை விட்டிருக்கும்போது, அணைந்த என்ஜின் தானாகக் கிளம்பினால் விரல் போய்விடும். அதனால் பானட் திறந்திருக்கிற வரைக்கும் இந்த விளையாட்டே வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல புத்திதான், கோள்மூட்டுகிறவன் பேச்சைத்தான் நம்பியிருக்கிறது.

அந்தக் கோள்மூட்டி, பானட் பூட்டுக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச். கனெக்டரைப் பிடுங்கி, அதன் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்து, பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கினேன். பூட்டு ‘டக்’ என்று விழுந்தது. மீட்டரின் பீப் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. உள்ளே தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து சுவிட்சை அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பத்து இருபது தடவை அமுக்கி அமுக்கி விட்டதில் பீப் மாறியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கிளீனரின் நெடியாகவும் இருக்கலாம்.

அந்தக் குஷியில் பானட்டை ஓங்கி மூடினேன். டமால்! இடித்துக்கொண்டு எகிறி வந்தது. ஸ்க்ரூடிரைவரால் அமுக்கின பூட்டை லீவரை இழுத்து விடுவிக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: “ஏம்மா, மூடியிருந்தப்ப திறந்திருக்குன்னுச்சு. இப்ப திறந்திருக்கறப்ப பூட்டிக்கிச்சா?”

நேற்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பொத்தானைத் தொடவில்லை. முதல் சிக்னல். நியூட்ரல் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். என்ஜின் அணைந்தது. அப்படியொரு நிம்மதியான அமைதி! பாராட்டு வரும் என்று திரும்பினேன். அப்பா பெல்ட்டைக் கழற்றியிருந்தார். கை கதவுக் கைப்பிடியில் இருந்தது. கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

எங்கள் பழைய கார் நடுரோட்டில் நின்றால் முதலில் இறங்கித் தள்ளுவது அவர்தான். பின்சீட்டில் இருந்து நான் பார்த்ததெல்லாம் கண்ணாடியில் தெரிகிற அவர் தலைமுடியைத்தான். அந்தக் காலத்திலேயே, 1983-ல், ஃபோக்ஸ்வேகன் போலோவின் ஃபார்மெல் ஈ மாடலில் ஸ்டார்ட்-ஸ்டாப் வித்தை வந்துவிட்டது. அவர்களுக்கு அது தொழில்நுட்பம். எங்கள் வீட்டில் அதன் பெயர் பிளக்கில் அழுக்கு.

“இல்லப்பா, அதுவாத்தான் நின்னிருக்கு. இப்ப கிளம்பிடும்.”

“தெரியும்மா, தெரியும்” என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

கிளட்சை அமுக்கினேன், கிளம்பியது. அடுத்த சிக்னல் வருவதற்குள் ‘ஏ’ பொத்தானை அமுக்கிவிட்டேன்.

“சரியாயிடுச்சா?” என்று ராத்திரி இவர் கேட்டார்.

“சூப்பரா ஓடுது. எங்கேயும் நிக்கவே இல்ல” என்றேன்.