பழைய ஸ்டைல் பால்சா ப்ளேனை எலக்ட்ரிக் ஆர்சியா (ரேடியோ கண்ட்ரோலா) மாத்துனேன்: சிஜி, வால், ரெண்டு வாஷர்

மூணு மாசமா மேசை மேல கிடந்த ப்ளேன் போன ஞாயித்துக்கிழமை ஒழுங்கா பறந்துருச்சு, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். 1930கள் கடைசில இருந்த ஃப்ரீ ஃப்ளைட் மாடல் மாதிரி வரைஞ்ச பிளான் இது, இறக்கை நீளம் 120 செ.மீ, அகலம் 18 செ.மீ, முழுக்க பால்சாங்கிற லேசான மரக் குச்சி, மேல மெல்லிசு டிஷ்யூ பேப்பர் ஒட்டி டோப்புங்கிற வார்னிஷ் அடிச்சது. அந்தக் காலத்துல இந்த மாதிரி ப்ளேன்ல சின்ன பெட்ரோல் இன்ஜின் உக்காரும், ரேடியோ கிடையாது, கையில இருந்து விட்டா இன்ஜின் ஓடுற வரைக்கும் ஏறும், நின்னதும் தானா வட்டமடிச்சு இறங்கும்.

இதுல ரேடியோ வைக்கிற ஆசையும் பழசுதான். அமெரிக்காவுல 1937 தேசியப் போட்டில ரேடியோ கண்ட்ரோல் பிரிவுல ஜெயிச்சவர் செட் லான்சோ. வால்ட்டர் குட், வில்லியம் குட்னு ரெண்டு சகோதரர்கள் செஞ்ச கஃப்ங்கிற ப்ளேன் இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு, அதோட இறக்கை 8 அடி. வால்வு (வெற்றிடக் குழாய்) வச்ச ரிசீவரையும் அதுக்கு வேண்டிய பேட்டரியையும் தூக்கணும்னா அவ்வளவு பெரிய உடம்பு வேணும். என் ரிசீவர் ஸ்டாம்ப் சைஸ்தான், அதை நினைச்சா அவங்க மேல மரியாதை இன்னும் கூடுது.

மோட்டார் விஷயத்துல ரொம்ப யோசிக்கல. பறக்குற எடை 620 கிராம், இந்த மாதிரி மெதுவா போற ப்ளேனுக்கு கிலோவுக்கு 100 வாட் கிட்ட இருந்தாலே போதும், அதனால 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து) பிரஷ்லெஸ் மோட்டார், ரெண்டு செல் 1300 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, 9க்கு 6 (9 இன்ச் விட்டம், 6 இன்ச் பிட்ச்) மடக்கு ப்ரொப்பெல்லர். வாட் மீட்டர்ல ஃபுல் த்ராட்டில்ல 70 வாட் காட்டுச்சு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, மடக்கு ப்ரொப்னா ஈஎஸ்சில (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) பிரேக் ஆன் பண்ணணும், இல்லைன்னா மோட்டாரை நிறுத்துனாலும் காத்துல சுத்திக்கிட்டே இருக்கும், மடங்காது.

பாடுபட்டதெல்லாம் சிஜிலதான், அதாவது ப்ளேனோட எடை சமமாகுற புள்ளியிலதான். பிளான்ல சிஜி முன் விளிம்புல இருந்து 10 செ.மீ பின்னாடி, அதாவது இறக்கை அகலத்துல 55 சதவீதம். ஃப்ரீ ஃப்ளைட்டுக்கு அது சரி, ஏன்னா வாலும் அடி தட்டையா மேல வளைஞ்சு லிஃப்ட் (தூக்குற விசை) குடுக்குற வால், பின்பக்க எடைல கொஞ்சத்தை அது தாங்கிக்கும். நான் அப்படியே வச்சு விட்டேன், கையால எறிஞ்சப்ப அழகா சறுக்குச்சு, சரி மோட்டார் போட்டு விடலாம்னு விட்டா எலிவேட்டரைத் (மூக்கை ஏத்தி இறக்குற வால் மடல்) தொட்டாலே மூக்கு வானத்துக்குப் போகுது, திருப்பித் தள்ளுனா தரையைப் பாக்குது, நாலாவது ஆட்டத்துல ஸ்டால் ஆகி (இறக்கை லிஃப்ட்டை இழந்து) மூக்கு குத்தி ஃபயர்வாலும் (மோட்டார் மாட்டுற முன் பலகை) ரெண்டு லாஞ்சரானும் (உடம்போட நீளக் குச்சி) போச்சு.

ஒட்டி முடிச்சு நிதானமா கணக்கு போட்டேன். சிஜியை 7 செ.மீக்கு கொண்டு வரணும், அதாவது 39 சதவீதம். 620 கிராமை 3 செ.மீ நகர்த்துறதுன்னா 1860 கிராம் சென்டிமீட்டர். பேட்டரி 75 கிராம், கேபினுக்குள்ள இறக்கைக்குக் கீழ இருந்துச்சு, அதை 22 செ.மீ முன்னாடி ஃபயர்வாலை ஒட்டி வச்சா 1650 வந்துருச்சு. மிச்சத்துக்கு மூக்குல 10 கிராம் ஈயம். பெட்ரோல் இன்ஜினோட ஒப்பிட்டா நம்ம மோட்டார் லேசு, அதனால பழைய பிளானை மாத்துறவங்க பேட்டரிக்கு மூக்குலயே இடம் விட்டு, கீழ ஒரு ஹேட்ச் வச்சுருங்க. நான் முதல்லயே செஞ்சிருந்தா ஈயமே தேவைப்பட்டிருக்காது.

எடையை முன்னாடி கொண்டு வந்ததும் வாலோட லிஃப்ட் தேவைக்கு அதிகமாயிடுது, ப்ளேன் மூக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகுது. எலிவேட்டரை ட்ரிம்ல (ரிமோட்ல நிரந்தரமா) தூக்கியே வைக்கலாம்தான், ஆனா அது எப்பவும் பிரேக் மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால வாலோட லிஃப்ட்டைக் குறைக்க அதோட பின் விளிம்புக்கு அடியில 2 மில்லி பால்சா துண்டு வச்சேன், 11 செ.மீ அகல வாலுக்கு அது 1 டிகிரி. எலிவேட்டர் நேராச்சு.

அடுத்தது த்ராட்டில். குடுத்தா போதும், மூக்கு செங்குத்தா ஏறுது, நான் எலிவேட்டரைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். மோட்டார் மவுண்ட்டோட மேல் ஸ்க்ரூ ரெண்டையும் லூஸ் பண்ணி ஃபயர்வாலுக்கும் மவுண்ட்டுக்கும் நடுவுல ஆளுக்கு ஒரு 1 மில்லி வாஷர் சொருகுனேன், மேல ஸ்க்ரூவுக்கும் கீழ ஸ்க்ரூவுக்கும் 25 மில்லி இடைவெளி, அதனால ஷாஃப்ட்டோட முன் நுனி 2 டிகிரிக்கும் கொஞ்சம் அதிகமா கீழ்ப்பக்கம் சாஞ்சுது. பாதி சரியாச்சு. ஆளுக்கு இன்னொண்ணு போட்டேன். இப்ப ஃபுல் த்ராட்டில்ல கையை எடுத்தாலும் ஒரே சாய்வுல ஏறுது.

இடையில வலது இறக்கை நுனி டோப் காஞ்சப்ப முறுக்கிக்கிச்சு, பின் விளிம்பு கீழ இறங்கியிருந்தது. அய்லெரான் (இறக்கையைச் சாய்க்கிற மடல்) இல்லாத ப்ளேன், ரட்டராலதான் (செங்குத்து வால் மடல்) திருப்பணும், அப்ப நுனி முதல்ல ஸ்டால் ஆனா சுத்திக்கிட்டு விழுந்துரும். கெட்டில் ஆவியில காட்டி, வேணுங்கிறதை விடக் கொஞ்சம் அதிகமா எதிர்ப்பக்கம் திருகிப் பிடிச்சு, ஆறுற வரைக்கும் விடாம வச்சிருந்தேன். டிஷ்யூ முதல்ல தொளதொளன்னு ஆயிரும், பயப்படாதீங்க, ஆறுனதும் தட்டிப் பாத்தா மேளத்தோல் மாதிரி டப்புன்னு சத்தம் வரும். ரெண்டு நுனியும் பின் விளிம்பு 4 மில்லி தூக்குன மாதிரி சமமாச்சு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காத்தே இல்ல. 40 செகண்ட் மோட்டார் ஓட்டிட்டு நிறுத்துனேன், ப்ரொப் ரெண்டு பக்கமும் மூக்கோட படிஞ்சுது, எதிர் வெயில் டிஷ்யூ வழியா வந்து இறக்கையோட ஒவ்வொரு ரிப்பும் (குறுக்குச் சட்டம்) தனித்தனியா தெரிஞ்சுது. ஸ்டிக்ல இருந்து விரலை எடுத்துட்டேன், அது பாட்டுக்கு வட்டமடிச்சுது. நாலு தடவை ஏத்தி இறக்குனேன், இறங்குனப்புறம் செல்லுக்கு 3.85 வோல்ட் மிச்சம் இருந்துச்சு.