பாப்பா போனே வேணாம்னு சொன்னப்பவே எனக்கு தெரிஞ்சிருக்கணும்

நாங்க பாம்பன்ல இருக்கோம். வீட்டுக்காரர் விசைப்படகுல போறாரு, நான் பஸ் ஏறி பாலத்த தாண்டி மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனிக்கு போறேன், அவிச்ச நண்டுல சதை எடுக்குற வேலை. உள்ள போன் கொண்டு போக விடமாட்டாங்க. அதனால என் போன் வீட்டுல அத்தைகிட்டதான் இருக்கும், பாப்பா நாலாங்கிளாஸ், ஸ்கூல் விட்டு வந்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வீட்டுப்பாடத்த பாத்து எழுதும். கொரோனாவுல வந்த பழக்கம், அப்படியே நின்னுருச்சு.

ஜூன் 14 ராத்திரியோட தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்கு போச்சு, ஸ்கூலும் திறந்து ஓடிட்டு இருந்துச்சு. ஜூலை கடைசில பாப்பாகிட்ட ஒரு மாத்தம். முன்னாடி நான் வாசல்ல கால வைக்கிறதுக்குள்ள இன்னும் பத்து நிமிஷம்மா பத்து நிமிஷம்மான்னு போனுக்கு அழுவும், திடீர்னு எனக்கு போனே வேணாம், டைரியில எழுதிக்கிறேன்னு சொல்லுச்சு. நான் சந்தோஷப்பட்டேன், கம்பெனில கூட பெருமையா சொன்னேன். அத நெனச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கும்போது வாட்ஸ்அப் வீடியோ கால் வந்துச்சு, பாப்பா கையில சோத்து உருண்டைய வச்சுக்கிட்டு அப்படியே உறைஞ்சு போய் உக்காந்துருச்சு. நம்பர் தெரியாத நம்பர், டிபில ஒரு டீச்சர் படம். எடுக்குறதுக்குள்ள கட் ஆயிருச்சு. தேடினா சாட் மேல எங்கயும் இல்ல, ஆர்க்கைவ்ல கெடந்துச்சு, சாட்ட கண்ணுக்கு படாம ஒதுக்கி வைக்கிற எடம் அது. எனக்கே ஆர்க்கைவ்னா என்னான்னு அன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஒம்போது வயசு பிள்ளைக்கு அத சொல்லி குடுத்ததே அந்த ஆளுதான். 24 மணி நேரத்துல மெசேஜ் தானா மறையிற மாதிரியும் செட் பண்ண வச்சிருக்கான். மிச்சம் இருந்தது கொஞ்சந்தான். "நான் புது டியூஷன் மிஸ்"னு ஆரம்பிச்சு, நோட்டு போட்டோ கேட்டு, யூனிஃபார்ம்ல ஒரு போட்டோ கேட்டு, அப்பறம் "யாரும் இல்லாதப்ப வீடியோ கால் வா, அம்மாகிட்ட சொல்லாத, சொன்னா உன் போட்டோவ எல்லாருக்கும் அனுப்பிருவேன்". பாப்பா நோட்டையும் யூனிஃபார்ம் போட்டோவையும் அனுப்பியிருக்கு, அதுக்கு மேல எதுவும் போகல. கால எடுக்கவே இல்ல. பயந்துதான் போனே வேணாம்னு இருந்திருக்கு.

எனக்கு கை ஓங்கிருச்சு. அத்தைதான் கைய புடிச்சாங்க, "அது சின்னப்புள்ள, அதுக்கு என்னா தெரியும், ஏமாத்துனவன விட்டுட்டு ஏமாந்தத அடிக்கிறியே"ன்னு. ஏன்த்தா எங்கிட்ட சொல்லலன்னு கேட்டதுக்கு பாப்பா சொல்லுச்சு, "நீதான போன கடல்ல தூக்கி போட்ருவேன்னு சொன்ன." ஆமா, சொன்னேன். மே மாசம் ஏதோ கோவத்துல சொன்னது. அந்த ஒரு வார்த்தைய புடிச்சுக்கிட்டு பிள்ள ரெண்டு வாரமா தனியா பயந்துட்டு இருந்திருக்கு.

அடுத்து எனக்கு தோணுனது பிளாக் பண்ணி டெலீட் பண்றதுதான். தங்கச்சி ராமநாதபுரத்துல இருக்கா, அவளுக்கு போன் போட்டேன், அக்கா எதையும் தொடாத, மொதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுன்னா. நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரியுற மாதிரி எடுத்தோம், அந்த ஆளோட ப்ரொஃபைலையும் எடுத்தோம், அந்த மறையிற செட்டிங்க ஆஃப் பண்ணோம். வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் அண்ட் பிளாக் குடுத்தா சாட்டும் சேர்ந்து அழிஞ்சு போக வாய்ப்பிருக்கு, அதனால அத கடைசியாத்தான் செய்யணும், இது தெரியாம நெறைய பேர் ஆதாரத்த கையால அழிச்சிடுறாங்க.

மறுநாள் ஒரு ஸ்டேஷனுக்கு போனேன். நம்பர பிளாக் பண்ணிட்டு போங்கம்மா, போட்டோ ஒண்ணும் தப்பா போகலியேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெளிய வந்து வேப்பமரத்து நிழல்ல நின்னு 1098க்கு அடிச்சேன், பிள்ளைங்களுக்கான உதவி எண், காசு இல்ல, 24 மணி நேரமும் உண்டு. அந்தப் பக்கம் பேசுன பொண்ணு தமிழ்ல பொறுமையா கேட்டுச்சு. மொத கேள்வியே "பாப்பா இப்ப சாப்பிடுதா, தூங்குதா"ன்னுதான். எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு. ராமநாதபுரத்துல இருந்து மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு மேடம் ஒருத்தங்க ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்தாங்க.

அவங்க சொல்லித்தான் சட்டம் தெரிஞ்சுச்சு. 2012ல வந்த போக்சோ சட்டம், 18 வயசுக்கு கீழ உள்ள எல்லா பிள்ளைக்கும், ஆம்பளப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தொட்டாதான் குத்தம்னு இல்ல, கெட்ட நோக்கத்தோட போன்லயோ நெட்லயோ திரும்ப திரும்ப தொல்லை பண்ணுனாலும் அதுக்குள்ள வரும். புகார பதியாம விட்டா அதுவும் அதே சட்டத்துல குத்தம். பிள்ளய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு போக வேண்டியதில்ல, வீட்டுக்கு வந்து கேக்கலாம், கேக்குற போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாது. அப்படியே சேலை கட்டி ஒரு எஸ்.ஐ. அம்மா வந்தாங்க, பாப்பா அவங்களுக்கு தன்னோட டிராயிங் நோட்ட காட்டுச்சு, நான் பக்கத்துலயே இருந்தேன், பேசி முடிச்சாச்சு. பிள்ள பேரும் படமும் எங்கயும் வெளிய வரக்கூடாதுங்கறதும் சட்டந்தான், அதான் நானும் எங்க பேர எழுதல.

ஆன்லைன்லயும் குடுத்தோம், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பெண்கள் குழந்தைகளுக்குன்னு அதுல தனி பகுதி இருக்கு. பேர் சொல்லாமலும் குடுக்கலாம், ஆனா பேர் குடுத்தாத்தான் புகார் எந்த நிலைமைல இருக்குன்னு பின்னாடி பாக்க முடியும், நாங்க பேர் குடுத்தே செஞ்சோம். 1930ங்கறது காசு போனவங்களுக்கு, இதுக்கு 1098தான் எனக்கு கை குடுத்துச்சு. ஒருவேளை மோசமான போட்டோ போயிருந்தா டேக் இட் டவுன்னு ஒரு இணையதளம் இருக்காம், 18 வயசுக்குள்ள உள்ளவங்களுக்கு, போட்டோவ யாருக்கும் அனுப்பாமலே அதுல இருந்து உருவாகுற அடையாள நம்பர மட்டும் குடுத்து தடுக்கலாமாம். எப்படியும் அந்த மாதிரி போட்டோவ ஆதாரம்னு சொந்தக்காரங்களுக்கு ஃபார்வர்ட் மட்டும் பண்ணிராதீங்க, அதுவே கேஸாயிரும். எங்க புகார் இன்னும் விசாரணைலதான் இருக்கு.

நம்பர் எப்படி போச்சுன்னா கிளாஸ் குரூப் லிங்க யாரோ எங்கயோ பகிர்ந்திருக்காங்க, எவன் வேணாலும் உள்ள வரலாம். என் டிபியே பாப்பா யூனிஃபார்ம் படம், பேட்ஜ்ல ஸ்கூல் பேரோட. வேற என்ன வேணும் அவனுக்கு. ஸ்கூல்ல சொன்னப்ப மொதல்ல பேர் கெட்டுப் போயிரும்னு தயங்குனாங்க. நான் கோவப்படல, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல எந்திரிச்சு யாருக்கு நடந்துச்சுன்னு சொல்லாம விஷயத்த மட்டும் சொன்னேன். கூட்டம் முடியிறதுக்குள்ள மூணு அம்மாமார் எங்களுக்கும் அந்த டியூஷன் மிஸ் மெசேஜ் வந்துச்சுன்னாங்க! அதுக்கப்பறம் மளமளன்னு நடந்துச்சு. லிங்க ரீசெட் பண்ணி, புதுசா வர்றவங்கள அட்மின் ஓகே பண்ணாத்தான் உள்ள விடுறதுன்னு வச்சு, டீச்சர் மட்டும் போடுற மாதிரி மாத்தி, வீட்டுப்பாடத்த திரும்ப டைரிக்கே கொண்டு வந்துட்டாங்க. டிபில பிள்ளைங்க படம் வேணாம்னு பாதி பேர் அங்கயே மாத்துனாங்க.

வீட்டுக்காரர் கரைக்கு வந்து கேட்டதும் போன உடைக்கிறேன்னு நின்னாரு. பாப்பா கதவுக்கு பின்னாடி நின்னு பாக்குது. உடைச்சீங்கன்னா அடுத்த தடவ நம்மகிட்ட சொல்லாதுன்னேன், அவரு ஒண்ணும் பேசல, போன கட்டில்ல வச்சுட்டு பாப்பாவ தூக்கிக்கிட்டாரு. அப்பறம் தங்கச்சியோட பழைய போன வாங்கி கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப் போட்டோம், என்ன ஆப் ஏத்துனாலும் நான் ஓகே குடுக்கணும், சாயங்காலம் ஒரு மணி நேரம், அதுவும் அப்பத்தா பக்கத்துல உக்காந்து. வாட்ஸ்அப் அதுல கெடையாது. என் வாட்ஸ்அப்ல தெரியாத கால் சத்தம் போடாது, காண்டாக்ட்ல இருக்குறவங்க மட்டுந்தான் குரூப்ல சேக்க முடியும்.

ஆனா செட்டிங் எல்லாம் நம்ம போனுக்குத்தான, பக்கத்து வீட்டு போனுக்கு? அதான் பாப்பாகிட்ட இப்படி சொல்லி வச்சேன்: துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துனா அப்பா கடலுக்கு போவாரா, போகமாட்டார்ல, அதே மாதிரி யாராவது "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு சொன்னா அதான் கூண்டு, உடனே அம்மாகிட்ட வரணும், அம்மா திட்டமாட்டேன், போன புடுங்கமாட்டேன். சாமி படத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ண சொல்லுச்சு, பண்ணேன்.

போன வாரம் சரக்கு நெறைய, வேலை முடிஞ்சு வர எட்டு மணி. பாப்பாவும் பக்கத்து வீட்டு பிள்ளையும் திண்ணைல உக்காந்திருக்குதுங்க, நடுவுல அவங்க வீட்டு போன் கமுத்தி வச்சிருக்கு. "அம்மா, கூண்டு ஏறிருச்சு"ன்னு சொல்லுச்சு பாப்பா. கேம்ல ஒருத்தன் டயமண்ட் தர்றேன், உங்க அம்மா போனுக்கு வர்ற ஓடிபி நம்பர சொல்லு, வீட்டுல சொல்லாதன்னு கேட்டிருக்கான். நம்பர சொன்னீங்களான்னேன், ரெண்டும் இல்லன்னு தலைய ஆட்டுச்சுங்க. நண்டு வாடை போகாத கையோட அப்படியே திண்ணைல உக்காந்து போன வாங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.