அசல் பத்திரம் எங்கே?

அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் 22 ஆண்டுகளாக வீட்டுத் தரகு செய்கிறேன். பெங்களூரு வீட்டுச் சந்தை என்றதும் பலருக்கு ஒயிட்ஃபீல்டும் சர்ஜாபூர் சாலையும் நினைவுக்கு வரும். என் தொழில் அங்கே இல்லை. ஒரு கூடம், ஒரு சமையலறை, மாடிப்படிக்கு அடியில் குளியலறை என்று இருக்கும் வீடுகளைப் போக்கியத்துக்குப் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

கன்னடத்தில் போக்ய, எங்கள் தெருவில் லீஸ். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வர வேண்டும். வீட்டுக்காரருக்கு மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ வட்டியில்லாமல் பணம் கிடைக்கிறது. குடிவருகிறவருக்கு மாத வாடகை மிச்சமாகிறது. இருவருமே நாணயமானவர்களாக இருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு 7 லட்சத்துக்கு ஒரு வீடு முடித்துக் கொடுத்தேன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், மனைவி கார்மென்ட்ஸில் தைக்கிறார். நகையை விற்று, சீட்டு எடுத்துச் சேர்த்த பணம். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், மின்மீட்டர் தனியா என்றெல்லாம் விசாரித்துச் சொன்னேன். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாவது மாதம் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியது. எங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே வீடு அடமானத்தில் இருந்திருக்கிறது.

"உங்களை நம்பித்தானே வந்தோம், அண்ணா" என்றார் அந்த அம்மா. அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

வக்கீலிடம் ஓடினேன். அடமானம் வைத்த பிறகு வங்கியின் சம்மதம் இல்லாமல் விட்ட குத்தகை, வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்துக் கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி (சர்ஃபேசி) வங்கியைக் கட்டுப்படுத்தாது என்றார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நாங்கள் மூன்று ஆண்டுக்கு வெறும் முத்திரைத்தாளில் எழுதியிருந்தோம். பிறகு வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதில் அடமானம் இல்லவே இல்லை! பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடன், அதற்கான குறிப்பைப் பதிவு செய்தால்தான் அங்கே தெரியும். அன்று நான் சான்றிதழைப் பார்த்திருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பேன். அசல் பத்திரம் எங்கே என்று வீட்டுக்காரரை ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

வீடு ஏலம் போனது. வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக 3 லட்சம் திருப்பிக் கொடுத்தார். என் தரகுப் பணத்தை நானும் கொடுத்துவிட்டேன். மீதி போனது போனதுதான்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம். பதிவு செய்த கட்டுமானத் திட்டங்களில், வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அத்தகைய திட்டங்களில் வீடு விற்றுத்தரும் தரகரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் அது விற்பனைக்கான சட்டம். போக்கியத்துக்குப் பணம் கட்டும் தையல்காரப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. வாழ்நாள் சேமிப்பு என்பதில் அவருடைய 7 லட்சம் எவருடைய கோடிக்கும் குறைந்ததல்ல.

இப்போது அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் வாங்கவிடுவதில்லை. நகலை நீட்டினால் அசல் எங்கோ அடகில் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்கிறேன். வங்கிகள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மையப் பதிவகத்திலும் சிறு கட்டணம் கட்டித் தேடுகிறேன். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்றால் பல வீட்டுக்காரர்களுக்கு முகம் மாறிவிடுகிறது. முத்திரைக் கட்டணம் ஒரு காரணம், பணம் கணக்கில் தெரிந்துவிடும் என்ற பயம் இன்னொன்று.

போன வாரம் கௌதமபுரத்தில் ஒரு வீடு, இரண்டாவது மாடி, நல்ல காற்று. பத்திரம் கோலாரில் தம்பியிடம் இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். கொண்டு வாருங்கள், காத்திருக்கிறோம் என்றேன். ஒரு வாரமாகிவிட்டது. பார்க்க வந்த குடும்பத்துக்கு நேற்று வேறு இரண்டு வீடுகளைக் காட்டினேன்.