கண்ணில் சுண்ணாம்பு தெறித்தபோது

பூச்சு வேலையின்போது ஈரச் சுண்ணாம்பு என் வலது கண்ணில் தெறித்தது. இமையைத் திறக்கவே முடியவில்லை. மேஸ்திரி அண்ணன் ஓடிவந்து என் தலையைக் குழாயடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்தபடி தண்ணீரைத் திறந்துவிட்டார். கொஞ்சம் எரிச்சல் அடங்கியதும், "போதும்ணே" என்றேன். "பேசாம இருடா" என்று விடாமல் பிடித்துக்கொண்டார். இன்று எனக்குப் பார்வை இருப்பதற்கு அந்தப் பிடிதான் முதல் காரணம்.

குறைந்தது 15 முதல் 30 நிமிடமாவது கழுவ வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அமிலம் பட்டால் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். சுண்ணாம்போ அமிலத்துக்கு நேரெதிரான காரம்; அது கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். முறிக்கிறேன் என்று வேறு எதையும் ஊற்றவே கூடாது, தண்ணீர் மட்டும்தான்.

அங்கே விவரம் கேட்கும் முன்பே மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டுக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். நடுநடுவே கீழிமைக்குள் சின்னத் தாளை வைத்தெடுத்து நிறம் பார்த்தார்கள். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு, இரண்டும் இல்லாத நடுநிலையான 7-ஐ ஒட்டி வந்து, கழுவுவதை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டுமாம். எனக்கோ மறுபடி ஏறியது. டாக்டர் பஞ்சுக்குச்சியை வைத்து மேலிமையைப் புரட்டினார். உள்மடிப்பில் கடுகளவு சுண்ணாம்புக் கட்டி! அதை எடுத்த பிறகுதான் அளவு இறங்கி நின்றது. இமையைப் புரட்டிப் பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

மறுநாள் கண் செக்கச்செவேல் என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் அழுதார்கள். டாக்டர் கவலைப்பட்டது சிவப்பைப் பார்த்து அல்ல. கருவிழி விளிம்பில் ஓரிடம் வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான். வெளுப்பு என்றால் அங்கே ரத்த ஓட்டம் இல்லை. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. நல்லவேளையாக எனக்குச் சிறு பகுதிதான்.

ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, கண் பாப்பாவை விரிக்கும் மருந்து, செயற்கைக் கண்ணீர் என்று நாளெல்லாம் சொட்டு மருந்துதான். கூடவே வைட்டமின் சி மாத்திரை. ஸ்டீராய்டைத் தொடக்கத்தில் அடிக்கடி விட்டுப் பிறகு குறைத்தார்கள். நீண்ட நாள் விட்டால் கருவிழி மெலிந்துபோகும் அபாயம் உண்டு. இமை விழியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மழுங்கிய கண்ணாடிக் குச்சியால் உள்ளே தடவி விலக்கினார்கள். சொட்டு மருந்தைவிட அதற்குத்தான் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

புண் ஆறிவிட்டது. கண் அழுத்தம் பின்னாளிலும் ஏறலாம் என்பதால், அதைப் பார்க்க மட்டும் போய்வருகிறேன்.